ஏ.டி.வி. வாங்குவோர்க்கு மணிமேகலை

கோலாலம்பூர் என்னும் பெயருக்குச் சேற்றுக்கூடல் என்று பொருள் கொள்வர். மலாய்மொழியில் ‘கோலா’ என்பது ஆறுகள் கூடும் இடத்தையும் கழிமுகத்தையும் குறிக்கும். ‘லும்பூர்’ என்பது சேறு. நகரின் ஒரு பகுதியாகிய பிரிக்பீல்ட்ஸ் செங்கற் சூளைகளால் பெயர் பெற்றது. களிமண் இன்றிச் செங்கல் ஏது? இன்று தாரும் சிமிட்டியும் அம்மண்ணை மூடிவிட்டன. ஆயினும் கிள்ளானைக் கடந்து காப்பார்ப் பக்கமோ கேரித் தீவுப் பக்கமோ சென்று, மழை ஓய்ந்த மறுநாள் ஒரு செம்பனைத் தோட்டத்துள் நடப்பவர்க்குத் தலைநகரின் பெயர்ப்பொருள் காலடியிலேயே விளங்கும்.

மலேசியாவில் வணிக முறையில் செம்பனை முதன்முதல் பயிரிடப்பட்டது 1917-இல், கோலசிலாங்கூர் வட்டாரத்தில், ‘தென்னமரம்’ என்னும் தோட்டத்தில். செம்பனைக்கு முதற்புகலிடமான தோட்டத்திற்குத் தென்னையின் பெயர், அதுவும் தமிழ்ப்பெயர், அமைந்தது ஒரு சுவையான முரண். அக்காலமுதல் குலையைச் சுமந்து வெளிக்கொணர்வதே தோட்ட வேலையின் பெரும்பாடு. ஆள் சுமந்தான், எருமை இழுத்தது, பின்னர் ‘எந்திர எருமை’ என்றே பெயர் பெற்ற சிறு வண்டி வந்தது. பெருந்தோட்டங்கள் இழுவை எந்திரங்களை வாங்கின. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர் இப்போது நோக்குவது, ஏ.டி.வி. என்று மலேசியத் தமிழர் வழங்கும் நாற்சக்கர வண்டியை.

மோட்டார் சைக்கிளைப் போலக் கால்களை இருபுறமும் இட்டு அமர்ந்து, கைப்பிடியால் திருப்பி, கட்டைவிரலால் வேகத்தைக் கூட்டி ஓட்டுவது இது. சக்கரங்கள் அகன்றவை, அவற்றினுள் அடைக்கும் காற்று மிகக் குறைவு. கார்ச் சக்கரத்தில் 30 இராத்தல் அழுத்தம் இருக்குமாயின் இதில் நான்கு முதல் ஏழு இராத்தல் வரையே இருக்கும். அதனால் சக்கரம் தட்டையாகப் படிந்து, சேற்றில் அமிழாமல் மிதப்பதுபோற் செல்லும். வேலைக்கென்று செய்த வகை 250 முதல் 350 கிலோ வரை எடையுள்ளது.

வாங்க நினைப்பவர் நாலு பேரைக் கேட்கிறார். கேட்டதும் குழப்பம் தொடங்குகிறது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியே வேண்டும் என்கிறார் ஒருவர். பின்சக்கரம் இழுத்தால் போதும், மற்றது வீண்செலவு என்கிறார் இன்னொருவர். ரப்பர் பட்டையால் ஓடும் வண்டி கருகிப்போகும் என்று கிள்ளான் பட்டறைக்காரர் சொல்ல, அதைப்போல் எளிதாக ஓட்டக்கூடியது வேறில்லை என்று பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் ஒரு நண்பர் சொல்கிறார். கவிழவே கவிழாது என்பார் விற்பவர். கவிழ்ந்து ஆள் மாண்ட செய்தியைச் சொல்வார் உறவினர். எவரும் பொய்யர் அல்லர். எல்லாரையும் நம்பவும் இயலாது.

இத்தகைய இடத்தில் தமிழ்ப் பேச்சாளர் உடனே திருக்குறளின் அறிவுடைமை அதிகாரத்தைத் தொடுவர். தக்கதே. ஆயின் மெய்ப்பொருளைக் காண்க என்று பணித்த வள்ளுவர், காணும் படிமுறைகளைக் குறளின் சிற்றளவில் விரிக்கவில்லை. அவற்றை விரித்த பெருமை சாத்தனாரின் மணிமேகலைக்கு உரியது. உ. வே. சாமிநாதையர் 1898-இல் பதிப்பித்த அந்நூலில், வகுப்பறையிற் பெரும்பாலும் தாண்டப்படும் பகுதி ஒன்று உண்டு. மணிமேகலை வஞ்சிமாநகரில் சமயக்கணக்கர் ஒவ்வொருவரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்பதும், பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகளிடம் அளவை நூல் கற்பதுமான காதைகள் அவை. ஔவை சு. துரைசாமிப்பிள்ளையின் உரை இல்லையேல் ஆசிரியர் பலரும் அப்பக்கங்களைப் புரட்டியும் பார்த்திருக்கமாட்டார்கள். பல்வேறு கருத்துரைப்போரிடம் சென்று கேட்டு, அனைத்தையும் கேட்ட பின்னரே ஒன்றைத் தெளியும் பெண்ணின் கதை அது. வண்டி வாங்குபவரின் நிலையும் ஏறக்குறைய அதுவே.

அங்கே அளவைவாதி பத்து அளவைகளை எண்ணுகிறான். அவற்றுள் ஈண்டு வேண்டுவன சிலவே: காண்டல், கருதல், ஆகமம், ஐதிகம். கண்டறிவது காண்டல், கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல், தக்க நூலின் சொல்லால் அறிவது ஆகமம், உலகோர் சொல்வழியே வந்தது ஐதிகம். ஐதிகத்திற்கு அவன் தரும் சான்று, இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்லக் கேட்டு நம்புவது. இவற்றோடு அளவைகளைக் கெடுக்கும் எட்டுக் குற்றங்களையும் அடுக்குகிறான். சிப்பியை வெள்ளி என்று கொள்வது திரியக்கோடல். மலேசியத் தமிழர் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்றே வழங்குவதால், வாங்குபவர்க்கு இந்த உவமை இரட்டைப் பொருள் தரும். காரணம் ஏதுமின்றிப் பிறர் சொன்னதையே தன் அறிவாகக் கருதுவது நினைப்பு. புலி அருகே வரக் கண்டும் இன்னதென்று உணராதது கண்டுணராமை.

இனிப் பட்டை வழக்கை எடுத்துக்கொள்வோர், முதலில் அதன் இயக்கத்தை அறிய வேண்டும். இரண்டு கூம்புக் கப்பிகளுக்கிடையே ஒரு ரப்பர் பட்டை ஓடுகிறது. வேகத்திற்கேற்பக் கப்பிகள் அகன்றும் நெருங்கியும் பட்டையை மேலும் கீழும் நகர்த்துவதால், ஓட்டுபவர் பல்லை மாற்ற வேண்டியதில்லை. பட்டைக் கூட்டினுள் நீர் புகுந்தால் அது வழுக்கும். பெருஞ்சுமையோடு மெல்ல ஊரும்போது, தாழ்ந்த பல்லில் இடாமல் உயர்ந்த பல்லிலேயே ஓட்டினாலும் வழுக்கிச் சூடேறும், கருகுவது இதனால்தான். பட்டறைக்காரர் கண்டது உண்மை. ஆனால் அவரிடம் வருவன கெட்ட வண்டிகள் மட்டுமே. கோலாலம்பூருக்குக் கிழக்கே கெமன்சாப் பகுதியில் ஒரு மணிநேரம் வாடகைக்கு எடுத்து, வழிகாட்டியின் பின்னே ஓடையைக் கடந்து மகிழ்ந்து வந்த நண்பர் கண்டதும் உண்மை. ஆனால் அவர் ஒரு குலைகூட ஏற்றியதில்லை. இருவரும் காண்டல் அளவையின் மேலேயே நிற்கின்றனர். கண்ட இடம் வேறு, கண்ட வேலை வேறு. முரண் பெரிதும் இவ்வாறு தோன்றுவதே. கருத்தைக் கேட்குமுன் எந்த மண்ணில், என்ன சுமையோடு, எத்தனை நாள் என்று கேட்டால் அரைவாசி வழக்குத் தீர்ந்துபோம்.

நாலு சக்கர இழுவையும் அவ்வகையினதே. பாலங்கட்டிய, மேடான, காய்ந்த நிலத்திற்குப் பின்சக்கரம் போதும். வாய்க்கால் ஓரம் கால் புதையும் கரிமண் நிலத்திற்குப் போதாது. இதில் அதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை.

சுமையைப் பற்றிச் சிறிது நின்று பார்ப்பது நன்று. எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பது தோட்டப்புறத்து ஐதிகம். மரத்துப் பேயைப் போன்றது. உற்பத்தியாளர் ஏட்டைத் திறந்தால், முன்தட்டும் பின்தட்டும் சேர்த்துத் தாங்கும் அளவு பல வண்டிகளுக்கு 90 முதல் 150 கிலோ வரை என்றிருக்கும். முற்றிய செம்பனைக் குலை ஒன்று 20 கிலோ என்று கொண்டால், நான்கு முதல் ஏழு குலைகளோடு கணக்கு முடிந்தது. அதற்கு மேற்பட்டதைப் பின்னால் இழுக்கும் தொடர்வண்டியில் இட வேண்டும். தட்டில் அடுக்கினால் பாரத்தின் மையம் உயர்ந்து, வண்டி சாய்வதற்கு இடமாகும்.

சாய்வதே இங்குத் தலையாய வழக்கு. பணம் போனால் ஈட்டலாம். இதுபற்றி உலகில் நிகழ்ந்த வாதம் நீண்டது. ஹோண்டா நிறுவனம் 1970-இல் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய முதல் வண்டிக்கு மூன்றே சக்கரம். முன்னே ஒன்று, பின்னே இரண்டு என்னும் அமைப்பில் வண்டியின் நிற்புநிலம் ஒரு முக்கோணம் ஆகிறது. திரும்பும்போது பாரம் முக்கோணத்தின் பக்கவாட்டைக் கடந்தால் வண்டி புரளும். விபத்துகள் பெருகவே, அரசும் உற்பத்தியாளரும் 1988-இல் நீதிமன்றத்தின்வழி ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர்; மூன்று சக்கர வண்டியின் விற்பனை அங்கே நின்றது. பழைய வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று இன்றும் எவரேனும் அதைப் புகழக் கேட்டால், இந்த ஆண்டை நினைவிற் கொள்க.

நாலு சக்கரம் வந்தும் வாதம் ஓயவில்லை. ஆஸ்திரேலியாவில் 2011 முதல் சில ஆண்டுகளுக்கு இவ்வண்டியால் ஆண்டுக்குச் சராசரியாக 16 பேரளவில் மாண்டனர். பண்ணைகளில் மாண்டவருட் பலர் கவிழ்ந்த வண்டியின் அடியிற் சிக்கி நசுங்கியும் மூச்சடைத்தும் இறந்தவர்கள். ஓட்டுபவர்க்குப் பின்னே ஒரு வளைகம்பியை நாட்டினால், வண்டி புரளும்போது அது தரையில் ஊன்றி இடைவெளி தரும் என்றனர் ஒரு சாரார். அறுவை மருத்துவர் கழகமும் உழவர் கூட்டமைப்பும் இப்பக்கம் நின்றன. உற்பத்தியாளர் மறுத்தனர். கம்பியே ஆளைத் தாக்கிக் காயப்படுத்தும், தலைக்கவசமும் பயிற்சியுமே வேண்டுவன என்றனர். அதற்குக் கணினியிற் போலச்செய்து பார்த்த ஆய்வு ஒன்றைச் சான்றாகக் காட்டினர். நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் வண்டிகளையே சாய்மேடையில் ஏற்றி, எத்தனைப் பாகையிற் கவிழ்கின்றன என்று அளந்தனர்.

அளவை நூற்படி முன்னது கருதல், பின்னது காண்டல். கருதல் இழிந்தது அன்று. ஆற்றில் வெள்ளம் கண்டு மேலே மழை என்று துணிவது கருதலே. எனினும் கணினிக் கணக்கின் முடிவு, அதனுள் முதலில் இட்ட கொள்கைகளைப் பொறுத்தது. அவற்றை இட்டவர் யார், பொருள் கொடுத்தவர் யார் என்று வினவுவது பண்பின்மை ஆகாது. அரசு 2019-இல் கட்டாயத் தரவிதியை வகுத்தது. 2021 அக்டோபர் 11 முதல் அங்கே புதிதாக விற்கும் பொதுப்பயன் வண்டி 28.81 பாகைக்குக் குறைவான பக்கச் சாய்வில் கவிழக் கூடாது. பாதுகாப்புக் கம்பியும் இருத்தல் வேண்டும். ஹோண்டா, யமஹா போன்றோர் அச்சந்தையை விட்டு விலகினர். எந்தச் சாய்வில் கவிழத் தொடங்கும் என்பதை எழுதிய சீட்டும் வண்டியில் தொங்க வேண்டும் என்பது அவ்விதியின் மற்றொரு பகுதி. மலேசியாவில் விற்கும் வண்டியில் அச்சீட்டு இல்லாவிடினும், அதே வகை ஆஸ்திரேலியாவில் விற்கப்பட்டிருந்தால் அந்த எண்ணைத் தேடிப் பெறலாம்.

பத்தாண்டு ஓட்டினேன், ஒருமுறையும் கவிழவில்லை என்பவர் சொல்லை எவ்வாறு கொள்வது? அறவண அடிகள் உரைக்கும் ஏதுப்போலிகளுள் அநைகாந்திகம் என்பது ஒன்று. காட்டிய காரணம், நாட்டக் கருதிய பொருளிடத்தும் அதற்கு மாறான பொருளிடத்தும் ஒப்ப நிற்பது அது. பத்தாண்டு கவிழாமை நிலைப்புடைய வண்டிக்கும் பொருந்தும். நிலைப்பில்லா வண்டியைச் சமநிலத்திலேயே ஓட்டியவர்க்கும் பொருந்தும். மேலும் ஒன்று: கவிழ்ந்து மாண்டவர் கருத்துரைப்பதில்லை. வண்டி கனமானது, ஆதலால் பாதுகாப்பானது என்பது விருத்தம். கனமே புரண்டபின் கொல்வது. ஜப்பானிற் செய்தது, ஆகவே உழைக்கும் என்பது, வண்டி வேறு நாட்டிற் செய்யப்பட்டிருந்தால், அசித்தம், காரணமே நிறுவப்படவில்லை.

ஏ.டி.வி. என்பதன் விரிவு எல்லா நிலத்து வண்டி என்பது. அப்பெயரே ஆராயத்தக்க முதற்கருத்து. அது செல்லத்தகாத நிலம் ஒன்று உண்டு: தார்ச்சாலை. பல வகைகளில் பின்சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் ஒன்றாகச் சுழல்கின்றன. வளைவில் வெளிச்சக்கரம் மிகுதியாக ஓட வேண்டும் என்பதால் ஒன்று வழுக்கியே தீரும். சேற்றில் எளிதாக வழுக்கும். தாரில் பற்றிக்கொண்டு வண்டியைத் தள்ளிவிடும். ஏட்டில் உற்பத்தியாளரே இதை எச்சரிக்கின்றனர். மலேசியச் சாலைப் போக்குவரத்து இலாகாவும் பொதுச்சாலையில் ஓட்டுவதற்கென இவ்வண்டியைப் பதிவு செய்வதில்லை. ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்திற்குச் சாலைவழி கொஞ்ச தூரம்தான், யாரும் கேட்கமாட்டார் என்று அக்கம்பக்கத்தார் சொல்வர். இங்கே ஆகமமும் இயந்திரவியலும் ஒரே பக்கம் நிற்கின்றன. லாரி தேவை என்றால் லாரிக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும்.

பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெரிய வண்டியில் ஏற்றுவதைப் பற்றி மட்டும் உற்பத்தியாளர், மருத்துவர், அரசு ஆகிய முத்திறத்தாரிடையும் கருத்து வேற்றுமை இல்லை. கூடாது என்பதே அனைவர் சொல்லும். எனினும் பண்டிகை நாளில் தோட்டத்திற்கு வரும் பேரப்பிள்ளைகள் முதலில் ஏறுவது அதன்மேல்தான். கண்டுணராமைக்குச் சாத்தனார் காட்டிய புலி இதுவே போலும்.

எஞ்சியது சொந்தக் காண்டல். அதே வகை வண்டி வைத்திருக்கும் அண்டைத் தோட்டக்காரர் இருந்தால் அவரிடம் ஒரு காலைப்பொழுதுக்கு இரவல் கேட்கலாம். அன்றேல் விற்பவரையே தோட்டத்திற்கு அழைக்கலாம். மழை பெய்த மறுநாளாக இருத்தல் வேண்டும். ஐந்து குலைகளைத் தட்டிற் கட்டி, தலைக்கவசம் அணிந்து, நடையின் வேகத்தில், வாய்க்காலை ஒட்டிய வரிசையில் ஒருமுறை போய்த் திரும்பினால் பட்டையின் மணமும் சக்கரத்தின் பிடியும் தெரிந்துவிடும். இறக்கத்தில் வேகவிசையை விட்டவுடன் எந்திரம் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறதா, தானே உருள விடுகிறதா என்பதையும் அப்போதே பார்க்கலாம். வரமாட்டேன் என்று சொல்லும் விற்பனையாளரும் உண்டு. வருபவராயின், சேறாடிய வண்டியைக் கழுவி அனுப்புவது வாங்க வந்தவரின் பொறுப்பு.