பிள்ளைக்கு லெப்டொப்: மாற்ற முடியாததற்குக் காசைப் போடுங்கள்

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியாகிவிட்டால் பாலாவியில் உள்ள என் ஹாட்வெயார் கடைக்கு ஒரு கேள்வி வந்து சேரும். சாமான் வாங்க வருபவர்கள் கணக்கை முடித்துவிட்டு, "நானா, புள்ளைக்கு கெம்பஸ் கெடச்சிருக்கு. என்ன லெப்டொப் எடுக்குற?" என்று கேட்பார்கள். நான் கொம்பியூட்டர் வியாபாரி அல்ல. ஆனால் குளியாப்பிட்டியவில் வயம்ப பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான என் தங்கையின் மகளுக்கு ஒன்றை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, நாலு இடம் ஏறி இறங்கி விசாரித்தேன். அறிந்ததை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே தருகிறேன்.

மருமகளின் தேவை மூன்று. "மாமா, படிக்கவும் வேணும், படம் வரையவும் வேணும், தம்பியோட சும்மா கேம் அடிக்கவும் வேணும்" என்றார். இன்றைய பிள்ளைகள் அநேகர் கேட்பதும் இதுதான். மூன்றையும் ஒரே இயந்திரத்தில் கேட்டால் கடைக்காரர் உடனே மிக விலையான கேமிங் லெப்டொப்பைக் காட்டுவார். அங்கேதான் அவதானம் வேண்டும்.

இது சிறு தொகையல்ல. 2022இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. ஆயிரம் டொலர் பெறுமதியான பொருள் 2 இலட்சத்திலிருந்து 3 இலட்சத்து 60 ஆயிரத்துக்குப் போனது. வரியும் கடைக்காரரின் இலாபமும் அதற்கு மேல். பின்னர் ரூபா ஓரளவு தேறினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஒரு சிறு வியாபாரிக்கு இது கடையில் போடவேண்டிய முதல். நான்கு வருடம் உழைக்காவிட்டால் நட்டம்தான்.

லொறி வாங்கும்போது நாம் சேசியையும் எஞ்சினையும் பார்ப்போம். டயரைப் பிறகு மாற்றலாம் என்று நமக்குத் தெரியும். லெப்டொப்புக்கும் அதே கணக்கு. புரொசசர், கிராபிக்ஸ், திரை ஆகிய மூன்றும் வாங்கிய பிறகு மாற்ற முடியாதவை. பழுதான திரைக்குப் பதில் வேறு போடலாம், ஆனால் அது தனிச் செலவு. ரெம், எஸ்எஸ்டி என்பவை பல மொடல்களில் பின்னர் கூட்டக்கூடியவை. ஆகவே முதல் மூன்றில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பெயரைப் படிக்கத் தெரிய வேண்டும்

"ஐ5 இருக்கு" என்று சொன்னால் போதாது. எத்தனையாம் தலைமுறை ஐ5 என்று கேளுங்கள். இன்டெல் ஐ5-7200யூ என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-1235யூ என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. இரண்டுக்கும் பெயர் ஐ5தான், இடையில் ஐந்து வருட வித்தியாசம் உண்டு. இலக்கத்தின் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். ‘யூ’ என்பது மின்சாரம் குறைவாக எடுப்பது, ‘எச்’ என்பது வேகம் கூடியது, சூடும் கூடியது.

ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம் முக்கியம். 2022இல் வெளியான ரைசன் 5 7520யூ என்பதில் மூன்றாவது இலக்கம் 2. அதன் உள்ளே இருப்பது 2019இல் வந்த ‘சென் 2’ வடிவமைப்பு. 7530யூ என்றால் அதற்கு அடுத்த ‘சென் 3’. புதுச் சாக்கில் பழைய அரிசி விற்பது நமக்குத் தெரியாததா? சாக்கின் மேல் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிந்தால் ஏமாற மாட்டோம்.

கேமுக்கு எவ்வளவு வேண்டும்?

பிள்ளை விளையாடும் கேமின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். மைன்கிராப்ட், வெலரன்ட், ஜிடிஏ 5 போன்றவை புதிய புரொசசரோடு சேர்ந்து வரும் கிராபிக்ஸிலேயே, தரத்தைச் சற்றுக் குறைத்து வைத்தால் ஓடும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இந்த உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ரெம்மிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. 16 ஜிபியை ஒரே துண்டாகப் போடுவதைவிட, இரண்டு 8 ஜிபித் துண்டாகப் போட்டால் வேகம் நன்றாகக் கூடும். ஒரு மதகில் வரும் தண்ணீர் இரண்டு மதகில் வருவது போன்றது.

புத்தம் புதிய பெரிய கேம்கள், முப்பரிமாண வேலைகள் என்றால் மட்டும் தனி கிராபிக்ஸ் தேவை. அங்கேயும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில் 35 வொட்டில் ஓடுவதும் உண்டு, 115 வொட்டில் ஓடுவதும் உண்டு. வேகத்தில் பெரிய வித்தியாசம். எத்தனை வொட் என்று கேளுங்கள். அத்துடன் இப்படியான லெப்டொப்புகள் பெரும்பாலும் 2 கிலோவுக்கு மேல் நிறுக்கும், சார்ஜரும் செங்கல் போல் இருக்கும். பஸ்ஸில் சுமந்து போகப்போவது பிள்ளைதான்.

வரைபவருக்குத் திரையே கடதாசி

விலை குறைந்த லெப்டொப்புகளில் வரும் திரையின் விபரத்தில் ‘45 வீதம் என்டிஎஸ்சி’ என்று இருக்கும். கணினி வேலைக்கான பொது அளவுகோலான ‘எஸ்ஆர்ஜிபி’யில் பார்த்தால் அது சுமார் 60, 65 வீத நிறங்களையே காட்டும். கணக்கு எழுத இது போதும். படம் வரையப் போதாது. பிள்ளை கடைக்கு ஒரு துண்டுப்பிரசுரம் வடிவமைத்துத் தந்து, அச்சகத்தில் வேறு நிறத்தில் வந்தால் அந்தச் செலவு யாருடையது? ‘100 வீதம் எஸ்ஆர்ஜிபி’, ‘ஐபிஎஸ்’ என்று எழுதியிருக்கும் திரையைக் கேளுங்கள். மூன்று தேவையிலும் நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான்.

வரைவதற்குப் பேனாவும் வேண்டும். திரையிலேயே எழுதக்கூடிய மடிப்பு லெப்டொப்புகள் உண்டு, விலை கூட. அதைவிட ஒரு சாதாரண லெப்டொப்போடு வேக்கொம், ஹுயியோன், எக்ஸ்பி-பென் போன்ற நிறுவனங்களின் திரையில்லாத வரைபலகை ஒன்றை வாங்குவது இலாபம். கை பலகையிலும் கண் திரையிலும் இருக்க வேண்டும் என்பதால் பழகச் சில வாரம் செல்லும். லெப்டொப் பழுதானாலும் பலகை அடுத்த லெப்டொப்புக்கு உதவும்.

வரையும் மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. கிரிட்டா, பிளெண்டர் இரண்டும் இலவசம். போட்டோஷொப் மாத, வருடச் சந்தாவுக்கே கிடைக்கிறது, அது டொலர் கணக்கு. பொறியியல், கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளுக்கு ஓட்டோகேட் மென்பொருளை அந்நிறுவனமே மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. ஆனால் சொலிட்வேர்க்ஸ் போன்றவை விண்டோஸுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. ஆகவே மெக்புக் வாங்கும் முன் பீடத்தில் விசாரியுங்கள். புதிய மெக்புக்கில் ரெம்மையும் பின்னர் கூட்ட முடியாது.

ரெம்மும் எஸ்எஸ்டியும்

16 ஜிபி ரெம், 512 ஜிபி எஸ்எஸ்டி போதுமானது. கை இறுக்கமென்றால் 8 ஜிபியோடு எடுத்துப் பிறகு கூட்டலாம். ஆனால் ரெம் போட வெற்றிடம் இருக்கிறதா, அல்லது பலகையோடு ஒட்டியதா என்று கேட்ட பிறகே காசைக் கொடுங்கள். ஒட்டியதென்றால் அதுவும் ‘மாற்ற முடியாதது’ என்ற பக்கத்துக்குப் போய்விடும். 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் கொள்வனவால் உலகச் சந்தையில் ரெம் விலை வேகமாக ஏறியது. பிறகு போடலாம் என்று விடும் முன் அன்றைய விலையையும் கேட்டுக் கணக்குப் பாருங்கள்.

நமதூர்க் காற்றும் கரண்டும்

பாலாவியில் ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் சீமெந்து ஆலை. திறந்து வைத்த ஆணிப் பெட்டி துருவேறுவதைத் தினமும் பார்க்கிறேன். லெப்டொப்பின் விசிறி இந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. மெத்தைமேல் வைத்துப் பாவிக்க விடாதீர்கள். பாவிக்காத நேரம் பையில் வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை திறந்து தூசு எடுங்கள்.

நுரைச்சோலையில் 900 மெகாவொட் மின்நிலையம் பக்கத்தில் இருந்தும், 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுதும் மின்சாரம் நின்றது. ஆகவே பெட்டரியின் ‘வொட்-அவர்’ அளவைப் பாருங்கள். 50க்கு மேல் இருந்தால் நல்லது.

பாவித்ததை வாங்குவதென்றால்

மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை, ரைசன் லெப்டொப் என்றால் 3000 வரிசை, அதற்குப் பிந்தியவையே பெரும்பாலும் ஏற்கப்படும். ‘டிபிஎம் 2.0’ என்ற பாதுகாப்புப் பகுதியும் வேண்டும். ஏழாம் தலைமுறை லெப்டொப்பை ஒருவர் மலிவாகத் தந்தால், ஏன் மலிவு என்று இப்போது விளங்கும். விண்டோஸில் பெட்டரி அறிக்கை எடுக்கும் வசதி உண்டு. புதிதில் இருந்த கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் அதில் வரும். எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பற்றுச்சீட்டு

கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவுக்குப் போனாலும், புத்தளத்தில் எடுத்தாலும், உத்தரவாதம் இறக்குமதி முகவருடையதா, கடையினுடையதா என்று கேளுங்கள். கடையினுடையதென்றால் கடை மூடினால் உத்தரவாதமும் முடிந்தது. நமக்குக் கொழும்பு 120 கிலோமீற்றருக்கு மேல். ஒவ்வொரு பழுதுக்கும் போய்வரும் செலவையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். பெட்டரிக்கு எத்தனை மாதம் என்று தனியாகக் கேளுங்கள். தவணைக்கு எடுப்பவர்கள் மாதத் தொகையைப் பார்க்காமல், கட்டி முடிக்கும் மொத்தத் தொகையைக் கேட்டு, ரொக்க விலையோடு ஒப்பிடுங்கள். சில இடங்களில் வட்டியில்லை என்று சொல்லிவிட்டுக் கட்டணம் என்று ஒன்றைச் சேர்ப்பார்கள்.

மருமகளுக்கு நாங்கள் எடுத்தது தனி கிராபிக்ஸ் இல்லாத, நல்ல திரையுள்ள, இரண்டு துண்டு ரெம் போட்ட ஒரு நடுத்தர லெப்டொப். மிச்சம் பிடித்த காசில் வரைபலகையும் வந்தது. உங்கள் பிள்ளையின் பாடம் வேறாக இருந்தால் கணக்கும் மாறும். ஆகவே கடைக்குப் போகும் முன் பாடத்துக்கு வேண்டிய மென்பொருள், விளையாடும் கேம், வரையும் விதம் மூன்றையும் பிள்ளையிடம் ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள். விலை பேசுவது நம் வேலை, திரையைப் பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை.