காவின் துண்டு
(ஊரும் சட்டமும் – 14)

கல்முனை நீதிமன்றத்தைச் சுற்றி எத்தனையோ சட்டத்தரணிகளின் பெயர்ப்பலகைகள். ஒன்றிலேனும் ‘ஓய்வூதியச் சட்டத்தரணி’ என்று நான் கண்டதில்லை. லண்டனில் அப்படிப்பட்டவர்களுக்குத் தனிச் சங்கமே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் காலையில் காணி வழக்குப் பேசியவரே மாலையில் ஓய்வூதியக் கோப்பையும் புரட்டுவார். ஆனால் ஓய்வூதியச் சட்டம் வேறு படிப்பு. வாய்ச் சாதுரியம் கொஞ்சம் போதும். கடதாசியை வாசிக்கத் தெரிய வேண்டும்.

தனியார் துறையில் கணக்கு நேரானது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். 1980ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். சம்பளம் 40,000 ரூபாய் என்றால் மாதம் 8,000 ஒன்றில், 1,200 மற்றதில். கட்டாத முதலாளியைத் தொழில் திணைக்களம் நீதவான் முன் நிறுத்தலாம்.

அரச ஓய்வூதியம் அப்படியல்ல. ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு தொடக்கத்திலேயே, ‘இது முழு உரிமையல்ல’ என்று கையை விரித்துவிடுகிறது. சம்பளத்துக்கே வழக்காடலாமா என்று சந்தேகம் இருந்த காலமும் உண்டு. சிங்களப் பரீட்சைக்குத் தோற்றாததால் சம்பள உயர்ச்சியை இழந்த எழுதுவினைஞர் கோடீஸ்வரன், அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்குப் போடலாம் என்ற தீர்ப்பை 1969இல் லண்டன் பிரிவி கவுன்சிலில்தான் பெற்றார். ஓய்வூதியம் மறுக்கப்பட்டவருக்கு எழுத்தாணை மனு, இல்லையேல் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. பெரும்பாலும் கொழும்புக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அரச ஊழியரான கணவர் இறந்து, இத்தா என்ற காத்திருப்புக் காலத்தை முடித்து வீட்டை விட்டு வெளியே வரும் சாய்ந்தமருதுப் பெண்ணுக்கு இது லேசான காரியமா? அதனால், விசயம் தெரிந்தவர் கோப்பை வழக்காக வளர விடமாட்டார். அவருடைய முதற் கேள்வி இதுதான்:

“ராத்தா, காவின் துண்டு இருக்கா?”

இறந்த அரச ஊழியரின் குடும்பத்துக்கான விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் 1898இலேயே வந்துவிட்டது. அதற்கான கோப்பு கேட்பது விவாக அத்தாட்சிப்பத்திரத்தை; அதுதான் எங்கள் ஊரில் காவின் துண்டு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமோ, பதியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நிக்காஹ் செல்லாமற் போகாது என்கிறது. பள்ளிவாசலில் செல்லுபடியான மனைவி கந்தோர் மேசையில் நிரூபிக்கப்படாத மனைவியாகிவிடுகிறாள். இன்னொன்றையும் கவனியுங்கள். அதே சட்டம் பதிய வைக்கும் கடமையை மாப்பிள்ளை, பெண்ணின் வலி (பொறுப்பாளர்), நிக்காஹ் நடத்தியவர் என்ற மூவர் மேல் வைக்கிறது. மூவரும் ஆண்கள். அவர்கள் மறந்தால் அலைபவள் பெண். எனக்கு இது இன்றைக்கும் ஆறாத கோபம்.

துண்டு இல்லை என்றால் துப்பறியும் வேலை தொடங்கும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் பெற்றோர் விவாகம் பற்றிய கூட்டில் என்ன எழுதியிருக்கிறது? நிக்காஹ் ஓதிய லெப்பை உயிரோடிருக்கிறாரா? வலியாக நின்ற காக்கா (அண்ணன்) எங்கே? கணவர் வேலையிலிருந்தபோது நிரப்பிய படிவங்களில் மனைவி என்று யார் பெயர்?

பெயர் வேறு தொல்லை. பிறப்புப் பத்திரம் தமிழில், சம்பளப் பட்டியல் ஆங்கிலத்தில். ஆதம்பாவா ஓரிடத்தில் ‘ஆதம் பாவா’, இன்னோரிடத்தில் ‘ஆதாம் வாவா’. மூவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுப்பதிலேயே ஒரு சட்டத்தரணியின் பாதி நாள் போய்விடும்.

2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலிருந்து கல்முனைக்குடி வரை சுனாமியில் கடல் ஏறியபோது ஆட்களோடு அலுமாரிகளும் போயின. உடல் கிடைக்காதவர்களுக்கு மரணப் பத்திரம் எடுக்கவே 2005இல் 16ஆம் இலக்க விசேட சட்டம் தேவைப்பட்டது. மரணப் பத்திரம் கையில் வந்தபிறகும், அலுமாரியோடு போன காவின் துண்டின் பிரதிக்காகப் பதிவாளரின் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது. திகதி மறந்திருந்தால், “மூத்தவன் பிறந்ததற்கு முந்தின நோன்பு” என்பதிலிருந்து வருடத்தைக் கணக்குப் பார்த்துத்தான் தேடல் தொடங்கும்.

(அடுத்த வாரம்: 1990ஆம் ஆண்டு மீனவர் ஓய்வூதியச் சட்டம்)