டீயா, சூடா, சரக்கா?

காஸ்பியன் கடலின் தென்கிழக்குக் கரையை ஒட்டியது ஈரானின் கோலஸ்தான் மாகாணம். உணவுக்குழாய்ப் புற்றுநோய் அங்கே வெகுகாலமாகவே அதிகம். ஆவி பறக்கும் பால் கலக்காத டீயை நாள் முழுக்கக் குடிப்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள். 2004-ல் தொடங்கி சுமார் 50 ஆயிரம் பேரை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். எவ்வளவு சூடாகக் குடிப்பீர்கள் என்று வாயால் கேட்பதோடு விட்டுவிடவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு கோப்பைகளில் டீ ஊற்றி, ஒன்றைக் குடிக்கக் கொடுத்தார்கள். மற்றதில் தெர்மாமீட்டரைப் போட்டார்கள். ‘வீட்டில் இந்தச் சூட்டில்தான் குடிப்பேன்’ என்று அவர் சொல்லும்போது இருந்த டிகிரியைக் குறித்துக்கொண்டார்கள்.

பத்தாண்டுக் கண்காணிப்பின் முடிவு 2019-ல் வந்தது. தினம் 700 மில்லிக்கு மேல், 60 டிகிரியோ அதற்கும் கூடுதலான சூட்டிலோ குடித்தவர்களுக்கு இந்த நோய் வரும் ஆபத்து, குறைவாகவும் ஆறவைத்தும் குடித்தவர்களைவிட 90 சதவீதம் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-லேயே 65 டிகிரிக்கு மேற்பட்ட பானங்களை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் சேர்த்திருந்தது. குற்றவாளி டீத்தூள் அல்ல, சூடு. உட்சவ்வு திரும்பத் திரும்ப வெந்து புண்ணாவதுதான் வினை. டபராவில் ஆற்றிக் குடிக்கும் நம் வழக்கம், தெரிந்தோ தெரியாமலோ, நல்ல வழக்கம்.

ஆனால் டீயை ஆற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. அந்த முகமையின் பட்டியலில் மது இருப்பது ஒருபடி மேலே, ஐயத்துக்கே இடமில்லாத முதல் வகுப்பில். அதுவும் 1988 முதல். சாராயம் உடம்பில் அசிட்டால்டிஹைடாக மாறி செல்லின் மரபணுவைச் சிதைக்கிறது. தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் மூன்றுமே அதற்கு இலக்கு. ‘பீர்தானே, ஒயின்தானே’ என்ற சமாதானம் செல்லாது; எல்லாவற்றிலும் இருப்பது அதே ஆல்கஹால். கூடவே சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து கூடுவதில்லை, பெருகுகிறது.

‘புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குதான்’ என்கிற பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களிடம் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. பாக்கும் 2004-ல் அதே முதல் வகுப்புக்குப் போய்விட்டது. புகையிலை இல்லாத தாம்பூலமும் வாயையும் உணவுக்குழாயையும் பாதிக்கும்.

குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சோறு விழுங்கும்போது அடைத்தாலோ, கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ கஷாயம் வைத்து நாள் கடத்தாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.