எளியவரின் மின்மிதிவண்டி

இந்தியாவின் மின்சார ஸ்கூட்டர் உற்பத்தியில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குத் தனியிடம் உண்டு. ஒசூரில் டிவிஎஸ், ஏத்தர் ஆலைகளும், போச்சம்பள்ளியில் ஓலா ஆலையும் அமைந்துள்ளன. ஆனால், ஐந்தாறு கிலோமீட்டர் மிதிவண்டி மிதித்து ஆலை வேலைக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளிக்குப் புதிய மின்சார ஸ்கூட்டர் எட்டாக்கனியே. பழைய மிதிவண்டியில் சிறு மோட்டார் பொருத்தி, துளையிடும் கருவியின் பேட்டரியால் அதை இயக்கும் வழியைப் பல நாடுகளில் ஆர்வலர்கள் கையாள்கின்றனர். அது இங்கும் பொருந்துமா?

கணக்கு எளிது. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 90 வாட்-மணி ஆற்றல் அடங்கியிருக்கும். இரண்டைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட், 180 வாட்-மணி. மிதித்துக்கொண்டே மோட்டாரின் துணையைப் பெற்றால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-மணி செலவாகும். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் செல்லலாம். வேலைக்குப் போய்வர அது போதும்.

சிக்கல் பாதுகாப்பில் இருக்கிறது. லித்தியம் அயனி மின்கலத்தின் அழுத்தம் சுமார் 2.5 வோல்ட்டுக்குக் கீழே சென்றால் அதன் உள்ளமைப்பு சிதையத் தொடங்கும். பின்னர் மின்னேற்றும்போது தீப்பற்றும் அபாயமும் உண்டு. சில நிறுவனங்களின் தயாரிப்புகளில், அழுத்தம் குறைந்ததும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் அமைப்பு கருவிக்குள் இருக்கிறதே தவிர பேட்டரிக்குள் இல்லை. கருவியிலிருந்து பிரிந்த பேட்டரி காவலை இழந்த பேட்டரி. எனவே, ஒவ்வொரு பேட்டரிக்கும் அழுத்தக் கண்காணிப்பும் துண்டிப்பு வசதியும், தகுந்த ஃபியூஸும் இன்றியமையாதவை. இரு பேட்டரிகளும் ஒரே வகையாக, ஒரே அளவு பழையனவாக இருக்க வேண்டும். அவற்றைத் தனித்தனியே, அவற்றுக்குரிய சார்ஜரில்தான் மின்னேற்ற வேண்டும்.

அடுத்தது சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக உள்ள மின்வாகனம், வேறு சில நிபந்தனைகளுக்கும் உட்பட்டு, மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. ஆனால், அதை அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் உறுதிசெய்ய வேண்டும். பொருளியலில் இதை நிலைச்செலவு என்போம். ஆலை ஒரு மாதிரியைச் சோதித்து, அச்செலவை ஆயிரக்கணக்கான வண்டிகளில் பகிர்ந்துவிடும். வீட்டில் செய்பவருக்கோ முழுச் செலவும் ஒரே வண்டியின் மேல் விழுகிறது.

2022-இல் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பற்றியபின் பேட்டரி சோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டன; அது தேவையானதே. ஆகவே, விதியைத் தளர்த்துமாறு கேட்பதில் பொருளில்லை. சோதனையை எளியவருக்கு அருகில் கொண்டுவர வேண்டும் என்பதே கோரிக்கை. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் சிறு கட்டணத்தில் மின்னிணைப்பு, ஃபியூஸ், பிரேக் ஆகியவற்றைச் சோதித்துச் சான்றளிக்க விதிகளில் இடமளிக்கலாம். வழியை அடைத்துவிட்டால் முயற்சி நின்றுவிடாது, கண்காணிப்பின்றித் தொடரும்.