கியர் பெட்டி மீது பழி, குற்றவாளி வேறு!

மும்பை:

மாதுங்காவில் ஒரு சேட்டிடம் கார் ஓட்டுகிறார் நம்மவர் ஒருவர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். கார், கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோமேடிக் வண்டி. போன மழைக்காலத்தில் ஒருநாள், சயான் சிக்னலில் அது மூன்றாவது கியரிலேயே மாட்டிக் கொண்டது. எவ்வளவு மிதித்தாலும் மாட்டு வண்டி மாதிரிதான் நகர்ந்தது.

"ஓட்டத் தெரியாமல் கியரைக் கெடுத்து விட்டாய். செலவில் பாதியைச் சம்பளத்தில் பிடிப்பேன்" என்றார் சேட். ஒர்க்‌ஷாப்பிலோ கியர் பெட்டியையே மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்து விட்டார்கள். மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பும் மனிதர், அன்றிரவு தூங்கவில்லை.

கேபின் மாதிரி

நான் ரயில்வே குமாஸ்தா. எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். பழைய முறைக் கேபினில் லீவரை இழுத்தால்தான் தண்டவாளத்தில் பாயிண்ட் நகரும். கேபின் செத்துப் போனால், தண்டவாளம் நன்றாக இருந்தும் வண்டி போகாது. காரில் அந்தக் கேபின்தான் 'டிரான்ஸ்மிஷன் கண்ட்ரோல் மாட்யூல்', சுருக்கமாக டி.சி.எம். வேகம், ஆக்ஸிலேட்டர், பிரேக் ஆகியவற்றின் செய்தி அதற்குப் போகும். அது சோலனாய்டு வால்வுகளுக்குக் கரண்ட் கொடுத்து, ஆயில் அழுத்தத்தால் கியரை மாற்றும். டி.சி.எம். பேசாவிட்டால் பல வண்டிகள், கியர் பெட்டியைக் காப்பாற்ற ஒரே கியரில் நின்று விடும்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

குர்லாவில் ஒரு தமிழ் மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினார். 'யு 0101' என்று வந்தது. டி.சி.எம்.முடன் தொடர்பு அறுந்தது என்று அர்த்தம். அவர் உடனே பெட்டியை மாற்றி விடவில்லை. பாட்டரி, பியூஸ், எர்த் வயர், செய்தி போகும் வயர்கள், பிளக்கில் ஈரம், துரு எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் சரி, பெட்டிக்குக் கரண்டும் வருகிறது. ஆனாலும் பதில் இல்லை. அதன்பிறகே பெட்டிதான் போய்விட்டது என்றார்.

மாற்றும்போது

சாவியை அணைத்து, பாட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்ற வேண்டும். பெட்டி சில கார்களில் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். சிலவற்றில் எஞ்சின் பக்கம். கியர் பெட்டிக்கு உள்ளேயே இருந்தால் ஆயிலை இறக்கித்தான் எடுக்க வேண்டும். புதிய பெட்டியின் பார்ட் நம்பர் பொருந்த வேண்டும்.

மாட்டியதோடு வேலை முடியாது. பல கார்களில் அந்த வண்டிக்குரிய புரோகிராமை ஏற்ற வேண்டும். அப்போது பாட்டரி இறங்கினால் புதுப் பெட்டியும் பாழாகலாம். அதனால் சார்ஜர் போட்டுத்தான் செய்வார்கள். பிறகு வண்டி ஓட ஓட, அது கியர் மாற்றத்தைக் கற்றுக் கொள்ளும். பழைய இரும்புக் கடைப் பெட்டி மலிவுதான். ஆனால் சில மாடல்களில் அதை வேறு வண்டிக்கு மாற்றி எழுத முடியாது. பணம் வீண்.

பிடித்தம் இல்லை

ஸ்கேனர் காட்டிய எண்ணைக் காகிதத்தில் எழுதி வாங்கிப் போய் சேட்டிடம் கொடுத்தார் நம்மவர். பெட்டி மாற்றிய செலவு முழுவதும் சேட்டுடையது. சம்பளத்தில் பிடித்தம் இல்லை.

டிரைவர் வேலையில் இருக்கும் சகோதரர்களே! கியர் போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். "ஸ்கேனரில் என்ன எண் வந்தது? எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.