ஸ்விட்சின் அடையாளமும் அதன் சாவியும்

மும்பையைச் சேர்ந்த விக்ரோலி, பெட்டிக்கும் பூட்டுக்கும் பெயர் பெற்ற இடம். 1897-இல் பூட்டுத் தொழிலில் இறங்கிய கோத்ரெஜ் நிறுவனம், நம் நாட்டின் முதற் பொதுத் தேர்தலுக்கு (1951-52) வேண்டிய எஃகு வாக்குப்பெட்டிகளை இங்கேதான் இலட்சக்கணக்கில் செய்தளித்தது. இன்று அதே விக்ரோலியில் தரவு மையங்களும் இயங்குகின்றன. அங்குள்ள வலைப்பின்னல் ஸ்விட்சுகளுக்கும் பூட்டு உண்டு. கண்ணுக்குப் புலப்படாத அப்பூட்டைப் பற்றியே ஈண்டுக் கூறப்புகுகின்றோம்.

ஸ்விட்சைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் முறைக்கு எஸ்.என்.எம்.பி. என்று பெயர். இதன் முற்பட்ட பதிப்புகளில் அனுமதிச் சொல் மறைப்பின்றியே கம்பியிற் சென்றது. இடையில் ஒட்டுக் கேட்பவர் எவரும் அதனை அறியலாம். 2002 டிசம்பரில் முழுத் தர நிலை பெற்ற மூன்றாம் பதிப்பு இக்குறையை நீக்கிற்று.

இப்பதிப்பில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் 5 முதல் 32 பைட்டு வரை நீளமுள்ள ‘என்ஜின் ஐ.டி.’ என்னும் அடையாளம் உண்டு. முதல் நான்கு பைட்டுகள் தயாரிப்பாளரின் பதிவெண்ணைக் கொண்டவை. சிஸ்கோவுக்கு அவ்வெண் 9. ஐந்தாம் பைட்டு 3 ஆயின், அதனைத் தொடர்வது ஸ்விட்சின் மேக் முகவரி.

அடையாளம் வெறும் பெயர்ப்பலகையன்று. பயனாளரின் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்கி 10,48,576 பைட்டுகளாக நீட்டி, அதனை ஹாஷ் கணக்கினாற் சுருக்கி, பின்பு இவ்வடையாளத்தைச் சேர்த்து மீண்டும் சுருக்குகின்றனர். கிடைப்பதே சாவி. ஆகவே, கடவுச்சொல் ஒன்றேயாயினும் ஸ்விட்சுதோறும் சாவி வேறு. ஒரு ஸ்விட்சில் உள்ள சாவி களவு போனாலும், அதைக் கொண்டு மற்றொன்றைத் திறத்தல் இயலாது. மிகச் சிறந்த ஏற்பாடு எனலாம்.

களப்பணியாளர் இடறுவதும் இங்கேதான். பயனாளரை அமைத்தபின் அடையாளத்தை மாற்றினால் பழைய சாவிகள் அனைத்தும் செல்லாதனவாகும். கடவுச்சொல் சரியாகவே இருக்கும், ஸ்விட்சோ மறுத்துவிடும். கடவுச்சொல்லையே ஐயுற்று அரை நாளைப் போக்குவோர் உளர். இரண்டு ஸ்விட்சுகளுக்கு ஒரே அடையாளத்தை அளிப்பதும் தீது. மூன்றாம் பதிப்பு செய்தியின் நேரத்தையும் சரிபார்க்கின்றது; 150 வினாடிக்கு மேற் பிசகினால் அச்செய்தி தள்ளப்படும். ஒரே அடையாளத்தின்கீழ் இரு கடிகாரங்கள் ஓடுமாயின் கண்காணிக்கும் கணினி எதனை நம்பும்?

எனவே அடையாளத்தை முதலில் உறுதி செய்து, பின்னரே பயனாளரை அமைத்தல் வேண்டும். பழுதுற்ற ஸ்விட்சுக்கு மாற்று வைக்கும்போது, பழைய அமைப்பை நகலெடுத்துவிட்டால் போதும் என்று எண்ணற்க, சிஸ்கோவின் ஐ.ஓ.எஸ். காட்டும் அமைப்புப் பட்டியலில் மூன்றாம் பதிப்புப் பயனாளரின் வரி தோன்றுவதேயில்லை. புதிய ஸ்விட்சில் பயனாளரைக் கடவுச்சொல்லுடன் மீண்டும் பதிந்தபின், கண்காணிக்கும் கணினியிற் பழைய அடையாளம் குறித்து வைக்கப்பட்டிருப்பின், அதனையும் திருத்துதல் வேண்டும்.