ஈளை நோயும் இரு வகை மருந்துகளும்

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் வாழ்ந்த யூத மருத்துவர் மூஸா இப்னு மைமூன், மூச்சிரைப்பால் வருந்திய பிரமுகர் ஒருவருக்காக அரபு மொழியில் ஒரு நூல் எழுதினார். அரபு மருத்துவர்கள் 'ரப்வு' என்றழைத்த ஈளை நோயைப் பற்றியது அது. இந்நோயை ஒரேயடியாகத் தீர்க்கும் மாய மருந்து தம்மிடம் இல்லை என்று ஒளிவின்றிக் கூறிய அவர், உணவையும் உறக்கத்தையும் காற்றையும் சீர்செய்யும் வழிகளை விரிவாக விளக்கினார். எண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் ஆஸ்துமாவை அடியோடு நீக்கும் மருந்து நம்மிடம் இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு. அவற்றுள் எதை ஏற்று எதை ஒதுக்குகிறோம் என்பதில்தான் பிழை நேர்கிறது.

நோய் உருவாகும் விதத்தை முதலில் நோக்குவோம். பரம்பரையாக ஒவ்வாமைத் தன்மை உடையவர்களின் உடல், தூசிப்பூச்சி, மகரந்தம் போன்ற தீங்கற்ற பொருள்களையும் பகையெனக் கருதி எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்குகிறது. அவை மூச்சுக்குழலின் உட்படலத்திலுள்ள சில உயிரணுக்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கின்றன. அதே பொருள் மீண்டும் உள்ளே வந்ததும் அவ்வுயிரணுக்கள் ஹிஸ்டமின், லியூகோட்ரையீன் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்படலம் வீங்குகிறது, பிசுபிசுத்த சளி வழியை அடைக்கிறது. உள்ளே சென்ற காற்று வெளியேற இயலாமல் சீழ்க்கை ஒலி எழுகிறது. (ஒவ்வாமை இன்றியும் ஆஸ்துமா வருவதுண்டு, புகையும் வைரஸ் சளியும் குளிர்காற்றும் அதைத் தூண்டும்.)

இழுப்பு நின்றுவிட்டாலும் அழற்சி நிற்பதில்லை என்பதே இங்கு நாம் மனத்தில் இருத்த வேண்டியது. நோயாளி நலமாக நடமாடும் நாள்களிலும் அந்த உட்படலம் புண்பட்டே இருக்கிறது.

மருத்துவ உலகமே இதனை நெடுங்காலம் உணரவில்லை. தசை இறுக்கமே நோய் என்றெண்ணி, அதைத் தளர்த்தும் மருந்துகளையே நாடிற்று. அளவிட்ட மருந்தைத் தெளிக்கும் இன்ஹேலர் 1956இல் வந்தது. 1960களில் இங்கிலாந்து உள்ளிட்ட சில நாடுகளில் ஆஸ்துமா மரணங்கள் திடீரெனப் பெருகின. ஐசோப்ரினலின் என்னும் மருந்தை மிகையாக உறிஞ்சியதோடு அவை தொடர்புபடுத்தப்பட்டன. 1969இல் வந்த சால்பியூட்டமால் இதயத்தை அந்த அளவுக்குப் பாதிக்காதது. சில நிமிடங்களில் குழலை விரித்துவிடும். ஆனால் அழற்சியைத் தொடாது. அழற்சியையே தணிக்கும் ஸ்டீராய்டை உறிஞ்சும் வடிவில் தந்த பெக்லோமெத்தசோன் 1972இல் கிடைத்தது.

சிரியாவில் பிறந்த ரோஜர் ஆல்டூன்யன் என்ற மருத்துவரை இங்கு குறிப்பிடாமல் செல்ல மனமில்லை. தாமே ஆஸ்துமா நோயாளியான அவர், எகிப்திய நாட்டு மருத்துவத்தின் கெல்லா மூலிகையிலிருந்து கிடைத்த பொருளை ஒட்டி உருவாக்கிய சேர்மங்களை, தமக்கே இழுப்பை வரவழைத்துக்கொண்டு சோதித்தார். 1965இல் குரோமோகிளைகேட் பிறந்தது. இழுப்பு வருமுன் தடுக்கும் அம்மருந்து இன்று ஆஸ்துமாவுக்கு அருகியே வழங்கப்படுகிறது.

சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவான 'ஜைனா' 2019இல் அறிவித்தது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் உறிஞ்சும் ஸ்டீராய்டு கலந்த சிகிச்சையே தேவை என்றது. நம்மவரோ உடனே நிம்மதி தரும் குழலை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தினமும் உறிஞ்ச வேண்டியதை 'ஸ்டீராய்டு, பழகிவிடும்' என்று அஞ்சி நிறுத்திவிடுகின்றனர். மாத்திரையாக விழுங்கினால் பல மில்லிகிராம் வேண்டும். உறிஞ்சும்போது நாளொன்றுக்குச் சில நூறு மைக்ரோகிராமே பெரும்பாலோருக்குப் போதும். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். உறிஞ்சியபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணும் குறையும்.